கோன் கண்ணாடி

முனியம்மாள் டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் மூக்கு நுனியில் வியர்க்கும். இருபத்திரண்டு வருட சர்வீஸில் அந்த மூக்கு ஒருமுறைகூட ஏமாந்ததில்லை என்பது அவருடைய கணக்கு. சட்டைக் காலருக்குள் சுருட்டிய பிட், ஸ்கேலின் பின்னால் சூத்திரம், முழங்காலுக்கு மேல் பேனாவால் எழுதிய தேற்றம் என்று எல்லாவற்றையும் கையும் களவுமாகப் பிடித்தவர். ஆரணியில் அந்த உயர்நிலைப் பள்ளியில் வேறு யார் தேர்வு மேற்பார்வைக்கு வந்தாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள். இவர் வந்தால் சாமி கும்பிடுவார்கள். களம்பூர் அரிசி மில்லில் மூட்டை எடை போட்டவரின் மகள். தராசு முள்ளைப் பார்க்கிற பார்வை அப்பாவிடமிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சந்தேகப் பிராணி என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஜூன் மாதம் ஹேமலதா பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்த அன்றே அந்த மூக்கு வியர்த்துவிட்டது.

ஹேமலதா பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். வேறொரு பள்ளியில் ஒன்பது வரை படித்துவிட்டு வந்தவள். பார்வைக் குறைபாடு எழுபத்தைந்து சதவீதம் என்று அரசு டாக்டர் கொடுத்த சான்றிதழைத் தலைமையாசிரியர் வேணுகோபால் காட்டி, அவளை முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்னார். உள்ளே வந்தவள் வந்த வேகத்தில் பெஞ்சு முனையில் முழங்காலை நன்றாக இடித்துக்கொண்டாள். பாவம் என்று டீச்சருக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பாவம் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அடியில் எறும்பு வரிசை மாதிரி போட்டிருந்த அச்சகத்தின் பெயரைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கடகடவென்று படித்துக் காட்டினாள் அவள்.

பெஞ்சு தெரியாத கண்ணுக்கு எறும்பு எழுத்து எப்படித் தெரியும்? முனியம்மாள் டீச்சர் அன்றிலிருந்து அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தார்.

ஜூலை மாதத் தேர்வில் ஹேமலதா கணக்கில் அறுபத்தோரு மார்க் வாங்கினாள். கண் தெரியாத பெண் அறுபத்தொன்று வாங்கினால் மற்ற டீச்சர்கள் கைதட்டியிருப்பார்கள். இவர் பொறி வைத்தார். ஆகஸ்ட் முதல் வாரம், அவளுடைய வீட்டுப்பாட நோட்டைத் திருத்திவிட்டு, பக்கத்து மூலையில் பென்சிலால் மிகப் பொடியாக ஒரு வரி எழுதினார். ‘இதைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால் ஒரு புதுப் பேனா தருகிறேன்.’

இடைவேளை மணி அடித்து இரண்டு நிமிடத்தில் ஹேமலதா வாசலில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சர், பேனா.”

“ஓகோ!” முனியம்மாள் டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “அப்போ உனுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது! யாரை ஏமாத்திகினு இருக்கே?”

சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. “இல்ல டீச்சர்... நடுவுல மட்டும்தான் தெரியும். சுத்தி...”

“நடுவுல தெரியுமாம், சுத்தித் தெரியாதாம்! கதை வுடாத. போ க்ளாஸுக்கு.”

ஸ்டாஃப் ரூமில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஹேமலதா திரும்பினாள், கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள், அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். பேனாவைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பெண் அடியோடு மாறிப்போனாள். சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். புத்தகத்தைத் திறப்பதில்லை. போர்டில் எழுதினால் மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், “தெரியல டீச்சர்” என்பாள். நேற்றுவரை அச்சகத்தின் பெயர் படித்தவள் இன்றைக்குத் தடவுகிறாள் என்றால் அது நடிப்பில்லாமல் வேறென்ன? மாட்டிக்கொண்டதும் வேஷத்தைக் கெட்டியாகக் கட்டுகிறாள் என்று டீச்சர் முடிவு செய்தார்.

அந்த முடிவுக்கு முத்திரை குத்துகிற மாதிரி ஒன்று நடந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன டீச்சரை, வியாபாரி வேலு, “தறியிலயே பாத்துடுங்க டீச்சர், கலரு புடிச்சா மேல பேசலாம்” என்று ஒரு நெசவாளி வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினார். உள்ளே போனால் தறிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பது ஹேமலதா! தறியில் ஓடி முடிந்த பழைய பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடியைவிட மெல்லிய பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில். ஒன்றுகூடத் தப்பவில்லை. வாசலில் நின்றபடி கண்ணைக் குறுக்கிப் பார்த்த முனியம்மாள் டீச்சருக்கே அந்த இழைகள் ஒன்றோடொன்று கலங்கித்தான் தெரிந்தன.

“டீச்சர் வந்துகீறாங்க பாரு” என்று ஹேமலதாவின் அம்மா தெய்வநாயகி குரல் கொடுத்தாள். அந்தப் பெண் தலையை இடமும் வலமும் மேலும் கீழுமாக, தானியம் தேடுகிற கோழி மாதிரித் திருப்பித் திருப்பி, கடைசியில்தான் டீச்சர் முகத்தில் வந்து நின்றாள். அதுவும் நடிப்பு என்றே டீச்சர் நினைத்தார். கலர் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. கணக்கில் ஹேமலதா எடுத்தது ஒன்பது மார்க். பெரும்பாலான பக்கங்கள் வெற்று.

அக்டோபரில் வேணுகோபால் சார் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொன்னார். ஒன்று, ஹேமலதா பொதுத்தேர்வு எழுதச் சலுகை கேட்டு விண்ணப்பம் போக வேண்டும். பெரிய எழுத்து வினாத்தாள், ஒரு மணி நேரம் கூடுதல், தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஓர் ஆள்.

“நீங்க க்ளாஸ் டீச்சர். உங்க குறிப்பு இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். புதன்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடணும். பத்தாவது பாஸ் பண்ணாத்தான் மெட்ராஸ்ல பார்வை இல்லாத பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல பதினொண்ணாவதுல எடம் தருவாங்களாம். அவங்க அம்மா வந்து அழுதுட்டுப் போச்சு.”

இரண்டாவது, பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்குக் கற்பிக்க வழக்கமான ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. நம் பள்ளியிலிருந்து முனியம்மாள் டீச்சர்.

“எம்.எஸ்சி., பி.எட். முடிச்சு இருபத்திரண்டு வருஷம் கணக்கு எடுத்தவளுக்கு எவன் சார் பயிற்சி குடுக்கிறது?” என்று கேட்டுவிட்டு வந்தவர், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறிப்பை எழுதினார். பொடியான, அழகான கையெழுத்து. ‘மாணவி ஹேமலதாவுக்குப் பார்வை உள்ளது என்பது என் நேரடி அனுபவம். மாணவி நடிக்கிறார். ஆகவே தேர்வுச் சலுகைகளுக்குப் பரிந்துரைக்க இயலாது.’ தலைமையாசிரியர் செவ்வாய் வரை திருவண்ணாமலையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்ததால், அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை பயிற்சிக்குப் போனார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் அருள்தாஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் என்று அறிமுகம் செய்தார்கள். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வந்தவர், மேசை எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் கையை ஊன்றினார். கையில் வாட்ச் வேறு. நடுவில் போனை எடுத்து நீவினார். முனியம்மாள் டீச்சரின் மூக்கு வியர்த்தது. கண் தெரியாதவனுக்கு வாட்ச் எதற்கு, போன் எதற்கு? ஊரெல்லாம் இதே வேலையாக இருக்கிறார்களே என்று அவருக்குக் கோபமே வந்தது.

அந்தக் கோபத்தில் அவர் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. டீ இடைவேளையில் மற்றவர்கள் வெளியே போனதும், மேசைமேல் மடித்து வைத்திருந்த அருள்தாஸின் கோலை எடுத்துப் பின்வரிசை நாற்காலியில் வைத்துவிட்டு, மூலையில் மூச்சு விடாமல் நின்று பார்த்தார். படித்த பெண், நாற்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

அருள்தாஸ் கையை நீட்டினார். கோல் இல்லை. மேசை முழுக்க ஒருமுறை தடவினார். பிறகு அசையாமல் நின்றார்.

“முனியம்மா டீச்சர், கோலை வெச்சிடுங்க. டீ ஆறிடப்போவுது.”

டீச்சர் மூலையிலிருந்து வெளியே வந்தார். “எப்... எப்படித் தெரிஞ்சுது நான்தான்னு?”

“உங்க இடுப்புல சாவிக்கொத்து. காத்தாலேர்ந்து கேட்டுகினுதானே இருக்கேன். நீங்க ரூமுக்குள்ள எங்க நடந்தாலும் தெரியும்.” அவர் குரலில் கோபம் இல்லை. “உங்க பசங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பரீட்சை ஹால்ல நீங்க வர்றதுக்குள்ள ஒளிச்சு வெக்கிறவன் எல்லாம் ஒளிச்சு வெச்சிருப்பான். மாட்டினவன் காது கேக்காதவனா இருப்பான்.”

இருபத்திரண்டு வருடப் பெருமை அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனாலும் டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. காது கூர்மை என்றால் சரி, இவர் நிஜம் என்றே இருக்கட்டும். ஹேமலதா நடிக்கிறாள் என்பதில் மாற்றம் இல்லை. கைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை அருள்தாஸ் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். விசைத்தறிக் கூடங்களில் நூல் தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற காகிதக் கோன்கள். பிளாஸ்டிக் கண்ணாடிச் சட்டத்தில் இரண்டிரண்டாக ஒட்டி, கூர்முனையைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, பட்டாணி அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். அவர் முதலில் கூப்பிட்டது முனியம்மாள் டீச்சரைத்தான். திங்கட்கிழமைக் கணக்கைத் தீர்க்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார்.

“நேரா செவுத்துல காலண்டர் மாட்டிகீதாம். அடியில இருக்கிற சின்ன எழுத்தைப் படிங்க.”

“கடைப் பேரு, கீழ போன் நம்பர்.” பத்து எண்ணையும் தப்பில்லாமல் படித்தார். “நல்லாத் தெரியுதே. இதுல இன்னா இருக்கு?”

“சரி. இப்ப அதைப் போட்டுகினே உங்க சீட்டுல போய் உக்காருங்க.”

டீச்சர் திரும்பினார். இரண்டாவது அடியில் பெஞ்சு முனை அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. குனிந்து பார்த்தார். பெஞ்சே இல்லை. பட்டாணி அளவுத் தரை மட்டும் இருந்தது. அந்தத் தரையைத் தள்ளித் தள்ளி நகர்த்தினால்தான் பெஞ்சுக் கால் வந்தது.

“இந்தப் பக்கம், டீச்சர்” என்று எங்கிருந்தோ அருள்தாஸின் குரல் கேட்டது. டீச்சர் தலையை இடம் திருப்பினார், வலம் திருப்பினார், மேலே, கீழே. சுவர், மின்விசிறி, யாரோ ஒருவரின் செருப்பு. எல்லாம் துண்டு துண்டாக வந்தன. மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் தன் தலை போகிற போக்கு அவருக்கே உறைத்தது. தானியம் தேடுகிற கோழி.

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “சார்... நடுவுல மட்டும் தெரிஞ்சு சுத்தி எதுவும் தெரியாத பிள்ளைங்க நெஜமாவே இருக்காங்களா?”

“நெறைய. அவங்களைத்தான் நம்ம டீச்சருங்க முதல்ல பொய்க்காரங்கன்னு சொல்வாங்க” என்றார் அருள்தாஸ்.

நடுவுல மட்டும்தான் தெரியும் டீச்சர். அந்தப் பெண் சொன்ன வார்த்தை. வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாள். ஆனாலும் இத்தனை வருடச் சந்தேகம் ஒரு காகிதக் கோனுக்குப் பணிந்துவிடுமா? பட்டு இழை இருக்கிறதே! இவ்வளவு சின்ன ஓட்டை வழியாக ஆயிரம் இழையை எப்படிப் பிணைப்பாள்? மத்தியானம் சாப்பாட்டுக்கு விட்டதும் ஆட்டோ பிடித்து நேராகத் தெய்வநாயகி வீட்டுக்குப் போனார்.

தெய்வநாயகி தறிக்குப் பின்னால் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் டி.வி. சீரியலில் இருந்தது. விரல்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

“வாங்க டீச்சர். இன்னாங்க இந்த நேரத்துல? புள்ளைக்கு எதனா...”

“ஒண்ணும் இல்லம்மா. நீங்க... பாக்காமலேவா பிணைக்கிறீங்க?”

தெய்வநாயகி சிரித்துவிட்டாள். “இதுக்குக் கண்ணு எதுக்குங்க? பாத்துப் பாத்துப் பிணைச்சா ஒரு பாவுக்கு ஒரு மாசம் ஆவும். வெரலுக்குத்தான் இழை தெரியும். இந்தத் தெருவுல எந்தப் பொம்பளையும் கண்ணால பிணைக்க மாட்டா. ஹேமாவும் ஆறாவதுலேர்ந்து பிணைக்கிறா.”

இத்தனை வருடமாக ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டு திரிகிற களம்பூர்க்காரி, அது எப்படி நெய்யப்படுகிறது என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவர் முகம் சுண்டிப்போனது.

“கண்ணுக்கு டாக்டர் இன்னா சொன்னாரு?”

தெய்வநாயகியின் விரல்கள் முதன்முறையாக நின்றன. “அந்த வட்டம் சுருங்கிகினே வருமாம் டீச்சர். ரெண்டு வருஷமோ, மூணு வருஷமோ. அப்பால அதுவும் இல்ல. அவளுக்கும் தெரியும். அதனாலதான் கையில கெடைக்கிறதெல்லாம் படிப்பா. தீப்பெட்டி, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட் எதையும் வுட மாட்டா. தெரியிற வரைக்கும் படிச்சிக்கிறேன்மா என்பா.”

டீச்சர் காபி குடித்தார். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. விளையாட்டுப் பீரியட். ஹேமலதா காலி வகுப்பில் தனியாக, மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டதும் அவள் முதுகு நிமிர்ந்தது, கண் கூரைக்குப் போனது. அருள்தாஸ் சொன்னது டீச்சருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கொத்தை இடுப்பிலிருந்து உருவிப் பைக்குள் போட்டார்.

“ஹேமா, போர்டுல தேதி இன்னா போட்டிருக்கு?”

“தெரியல டீச்சர்.”

“உனக்கு நடுவுல தெரியும்னு எனக்குத் தெரியும்மா. படி.”

“எதுவும் தெரியல டீச்சர்.” குரலில் துளி ஈரம் இல்லை. “டெஸ்ட் வெக்கிறீங்களா?”

யாரிடம் கற்றுக்கொண்ட சந்தேகம் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முனியம்மாள் டீச்சர் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கைப்பையைத் திறந்து, மடித்த காகிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இது உன்னைப் பத்தி நான் எழுதினது. படிச்சிட்டு நீயே சொல்லு.”

ஹேமலதா காகிதத்தை விரித்தாள். மடிப்பை விரலால் நீவினாள். கடைசியில் கண்கள் கூரையிலிருந்து இறங்கின. பொடிக் கையெழுத்தை ஒரு வார்த்தை விடாமல் சத்தமாகப் படித்தாள். நடிக்கிறார் என்ற இடத்தில் மட்டும் ஒருமுறை நின்றாள்.

“நெஜம்தான் டீச்சர், நடிச்சேன்” என்றாள். “தெரியுதுன்னு சொன்னா ஏமாத்துறேன்னீங்க. ஒண்ணுமே தெரியலன்னா நம்புவீங்கன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா கணக்குப் புக்கைத் தொறக்கல. தொறந்தா நீங்க பாத்துடுவீங்கல்ல.”

“வீட்டுல?”

“வீட்டுல எனக்குக் கணக்குப் புரியாது. நீங்க போர்டுல போட்டாத்தான் டீச்சர் புரியும்.”

கணக்கு டீச்சரின் மனதில் ஒரு கணக்கு தானாக ஓடியது. இரண்டு வருடம் என்றால் இருபத்துநான்கு மாதம். அதில் இரண்டை இவர் வாங்கிக்கொண்டுவிட்டார். திருப்பிக் கொடுக்க முடியாத பொருள் அது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மூக்கில் இருந்தது இந்த முறை வியர்வை இல்லை.

“மன்னிச்சுடும்மா” என்றார். அந்த வார்த்தையை எந்தப் பிள்ளையிடமும் அவர் சொன்னதில்லை. பைக்குள் துழாவித் தன் புதுப் பேனாவை எடுத்து நீட்டினார். ஹேமலதா அசையவில்லை. வேண்டாம் என்கிறாளோ என்று ஒரு கணம் மனம் குன்றியவர், சட்டென்று கையை ஓரத்திலிருந்து நகர்த்தி அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

“மணி நாலாவப்போவுது. அஞ்சு மணிக்குள்ள ஹெச்.எம். கிட்ட வேற லெட்டர் எழுதித் தரணும். மூணு சலுகையும் கேட்டு எழுதுறேன். அதைக் குடு, கிழிச்சிடலாம்.”

ஹேமலதா கொடுக்கவில்லை. அந்தக் காகிதத்தை மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்து, கணக்குப் புத்தகத்தின் நடுவில் வைத்து மூடினாள்.

“எங்கிட்டயே இருக்கட்டும் டீச்சர்” என்றாள். “உங்களுக்குத் திரும்பவும் சந்தேகம் வந்தா காட்டணும்ல.”